எடுக்காத பொட்டலம்

ஓடைப்பட்டி
06.01.2025

கர்ணன் மச்சானுக்கு,

ஈஸ்வரபாண்டி எழுதுவது. என் போனை நீங்கள் எடுப்பதில்லை. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டாலும் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். நேரில் வரலாம் என்றால் வலது காலில் பிளேட் வைத்திருக்கிறது, இன்னும் ஊன்றக் கூடாதாம். ஒர்க்‌ஷாப் வாசலில் என்னைக் கண்டால் மிச்சக் காலையும் ஒடிப்பேன் என்று நீங்கள் சொன்னதாகவும் தகவல் வந்தது. அதனால்தான் பதிவுத் தபால். உத்தமபாளையத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். நோட்டீஸ் விடலாம் என்றார். "மச்சானுக்கு நோட்டீஸ் வேணாம் சார், நான் கடுதாசி போட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கேட்பது ஒன்றுதான். ஹேமாவதியை என்னிடம் அனுப்பிவையுங்கள்.

மகாலட்சுமிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று நான் கட்டிலில் கிடந்தேன். "தாய்மாமன் நான் இருக்கேன், பிள்ளைய நான் பாத்துக்கிறேன்" என்று நீங்கள் அவளைத் தேனிக்குக் கூட்டிப்போனீர்கள். அன்று தடுக்க எனக்கு வாயில்லை. ஆனால் பத்து வயதுப் பிள்ளை அப்பனைப் பார்த்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. சமையலுக்கு ஆள் வைத்துவிட்டேன். அவளுடைய மேசையை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டிருக்கிறேன். சின்னமனூர்ப் பள்ளிக்கூடத்தில் பெயரை இன்னும் எடுக்கவில்லை, திரும்ப வந்து உட்காரலாம் என்று தலைமையாசிரியை சொல்கிறார்கள்.

உங்களுக்கு என் மேல் உள்ள கோபம் தெரியும். மகாலட்சுமி சாவுக்கு அந்த வண்டியை வாங்கியதுதான் காரணம் என்கிறீர்கள். நான் மட்டுமா முடிவு செய்தேன்? குலசாமி கோயிலில் இரண்டு பொட்டலம் கட்டிப் பூக் கேட்டுத்தானே வாங்கினோம். சிவப்பு வந்தால் பெரிய எஞ்சின், வெள்ளை வந்தால் சின்ன எஞ்சின். நீங்களும் கூட நின்றீர்கள். சாமி சிவப்பைக் கொடுத்தது. அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

பிள்ளையை அனுப்புங்கள்.

ஈஸ்வரபாண்டி


தேனி
16.01.2025

ஈஸ்வரபாண்டிக்கு,

மாப்பிள்ளை என்று எழுதக் கை வரவில்லை. நேற்று மாட்டுப் பொங்கல். பன்னிரண்டு வருஷமாக இந்த வாரத்தில் கரும்பும் மஞ்சள் கொத்தும் பானையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடைப்பட்டிக்கு வருவேன். இந்த வருஷம் பொங்கல்சீர் வாங்க என் தங்கச்சி இல்லை. ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். அப்போது உன் கடிதத்தை இரண்டாம் முறை படித்தேன்.

சாமி மேல் போடாதே.

ஆகஸ்ட் மாதம் உனக்கு என்ன சொன்னேன்? ஒரு தாளில் எழுதியே கொடுத்தேன். போடியில் ஒரு வாத்தியார் வைத்திருந்த வண்டி ஆயிரத்து இருநூறு சிசி. கோட்டயத்தில் கிடந்தது ஆயிரத்து எண்ணூறு சிசி. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே உருவம். பின்னால் நின்று பார்த்தால் ஒட்டியிருக்கும் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் சின்னதுக்கு நூற்றைந்து குதிரைச் சக்தி, பெரியதுக்கு நூற்றெண்பத்தொன்பது. அவ்வளவும் முன் சக்கரத்துக்குத்தான் போகும். ஆக்சிலேட்டரில் காலை மெதுவாக வைக்கத் தெரியாதவனுக்கு ஸ்டியரிங் கையை விட்டு இழுக்கும். வளைவில் சட்டென்று காலை எடுத்தால் வண்டியின் பின்பக்கம் சுற்றும். சின்னதுக்கு நாலு கதவு. பெரியது இரண்டே கதவோடுதான் வந்தது. லோயர்கேம்பிலிருந்து குமுளி ஏறுவதற்குச் சின்னது தாராளம், திராட்சைத் தோட்டத்துக்காரன் மாதம் இரண்டு தடவை மதுரை போவதற்கு அதுவே அதிகம் என்று எழுதினேன். என் தங்கச்சியும் என்ன சொன்னாள்? "கதவு இல்லாத காருல பின்னால யாரு ஏறுறது? மூட்டையா ஏத்தப்போறீக?" என்றாள். நீ சிரித்தாய்.

விபத்துக்கு அப்புறம் வண்டியை நீ பார்த்திருக்க மாட்டாய். நான் மூன்று தடவை சின்னமனூர் போலீஸ் ஸ்டேஷன் காம்பவுண்டுக்குப் போய்ப் பார்த்தேன். முப்பது வருஷமாக இடித்த வண்டி பார்க்கிறவன் நான். டிரைவர் பக்கத்தில் முன்மூலை நசுங்கியிருக்கிறது. இடது பின்பக்கம் புளியமரத்தின் அளவுக்கு உள்ளே போயிருக்கிறது. இடது முன்சீட்டில் ஒரு கீறல் இல்லை. வைகை அணையில் நீங்கள் வாங்கிய பொரிகடலைப் பை அந்தச் சீட்டில் பெல்ட் மாட்டியபடி உட்கார்ந்திருக்கிறது. ஒரு பொரி சிந்தவில்லை. அந்தப் பைக்கு யார் பெல்ட் போட்டது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிள்ளை நன்றாக இல்லை. அதையும் தெரிந்துகொள். எந்த வண்டியிலும் ஏறமாட்டேன் என்கிறாள். அல்லிநகரத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு அத்தைக்காரி விஜி அவளை நடத்தியே கூட்டிப்போகிறாள். தலையில் பூ வைத்தால் எடுத்துப் போட்டுவிடுகிறாள். இன்னொன்று, எதையும் அவளாகச் சொல்வதில்லை. இட்லியா தோசையா என்று கேட்டால் "நீங்களே சொல்லுங்க." பச்சைப் பாவாடையா நீலப் பாவாடையா என்றால் "நீங்களே சொல்லுங்க." விஜி விடாமல் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். பரீட்சையில் சரியான விடையைத் தேர்ந்தெடு என்ற பகுதியைத் தொடவே இல்லை. மற்றதெல்லாம் எழுதியிருக்கிறாள். டீச்சர் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

இந்தப் பிள்ளையை உன்னிடம் அனுப்ப முடியாது.

கர்ணன்


ஓடைப்பட்டி
24.01.2025

மச்சானுக்கு,

நீங்கள் பெயர் சொல்லி எழுதியது எனக்குச் சரிதான். திட்டுங்கள். அன்று நடந்ததை நான் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. போலீசில் எழுதியது நாலு வரி. உங்களுக்குச் சொல்லக் கடமை இருக்கிறது.

அக்டோபர் பதின்மூன்று, ஞாயிற்றுக்கிழமை. வைகை அணைக்குப் போகலாம் என்று பாப்பா ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பூங்காவில் சாயங்காலம் வரை இருந்தோம். வீரபாண்டியில் டீ குடித்தோம். சின்னமனூர் தாண்டி எங்கள் ஊர் ரோட்டில் திரும்பும்போது மணி ஆறே கால் இருக்கும். வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பாப்பாவுக்கு வயிற்றைக் குமட்டியதால் மகாலட்சுமி அவளோடு பின்னால் உட்கார்ந்திருந்தாள். பாப்பா என் முதுகுக்குப் பின்னால், அவள் இடது பக்கம்.

வேகம் எழுபது இருக்கும். எண்பது என்று போலீஸ் எழுதியிருக்கிறது, நான் மறுக்கவில்லை. வளைவில் வாழைத்தார் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் நின்றது. பின்னால் விளக்கு இல்லை. நான் வலது பக்கம் ஒடித்தேன். டிரெய்லரைத் தாண்டிவிட்டேன், மச்சான். தொடவே இல்லை. தாண்டிவிட்டோம் என்று நினைத்துக் காலை எடுத்தேன். நீங்கள் தாளில் எழுதினீர்களே, அது நடந்தது. பின்பக்கம் தனியாகச் சுற்றிக்கொண்டு போனது. முதலில் மரம். அப்புறம் முன்பக்கம் திரும்பிப் பாலத்துக் கட்டையில் அடித்தது.

என் கதவு திறந்தது. கால் ஒடிந்தது அப்போது தெரியவில்லை. பின்னால் போவதற்கு என் சீட்டை மடக்க வேண்டும். அது மடங்கவில்லை. இடது கதவு நெளிந்து சிக்கிக்கொண்டது, பின்னால் மகாலட்சுமிக்குக் கதவு இல்லை. வாழை வெட்டுக்கு வந்த ஆட்கள் ஓடிவந்து பின்கண்ணாடியை அரிவாளால் உடைத்துப் பாப்பாவை எடுத்தார்கள். மகாலட்சுமியை எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. முதல் பத்து நிமிஷம் பேசிக்கொண்டுதான் இருந்தாள். "பாப்பா காலு வெளிய வந்துருச்சா, செருப்ப எடுத்துக் குடுங்க, கண்ணாடி கெடக்கு" என்றாள். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

பாப்பா எதையும் தேர்ந்தெடுப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவளிடம் அங்கே யாராவது ஏதாவது சொன்னார்களா? விஜி அக்காவிடம் கேட்டு எழுதுங்கள். தோட்டத்தில் அடுத்த வாரம் திராட்சை வெட்டு. வியாபாரி வந்து போய்விட்டார். எனக்கு எதிலும் மனம் இல்லை.

ஈஸ்வரபாண்டி


தேனி
03.02.2025

ஈஸ்வரபாண்டிக்கு,

இங்கே யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளே சொன்னாள்.

வெள்ளிக்கிழமை விஜி அவளுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை. விஜியிடம் கேட்டாள்: "அத்தை, நான் அந்தப் பக்கத்துப் பொட்டலத்த எடுத்திருந்தா அம்மா இருந்திருக்கும்ல?"

விஜிக்குப் புரியவில்லை. எந்தப் பொட்டலம் என்றாள். "சாமிகிட்ட. வெள்ளப் பூ இருந்த பொட்டலம். நான் தொட்டுட்டு விட்டுட்டேன் அத்தை. மொதல்ல அதத்தான் தொட்டேன். அப்புறம் மாத்தி எடுத்தேன்."

பத்து வயதுப் பிள்ளை மூன்றரை மாதமாக இதைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய் வந்திருக்கிறது.

பொட்டலத்தை மடித்தது நீ. கோயிலுக்குப் பின்னால் போய் வாழையிலையில் வைத்து நார் கட்டிக் கொண்டுவந்தாய். நான் வேறு எதுவும் கேட்கவில்லை. இதற்கு உன் பதில் என்ன என்று மட்டும் எழுது. சீக்கிரம் எழுது.

கர்ணன்


ஓடைப்பட்டி
07.02.2025

மச்சான்,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. இரவெல்லாம் உட்கார்ந்து யோசித்து எழுதுகிற விஷயம் இல்லை இது. உடனே எழுதியிருக்க வேண்டும்.

இரண்டிலும் சிவப்புதான்.

செவ்வரளி இரண்டு பறித்தேன், வெள்ளை அரளி ஒன்று பறித்தேன். எல்லோரும் பார்க்க ஒரு சிவப்பும் ஒரு வெள்ளையும் கையில் காட்டினேன். இன்னொரு சிவப்பு மடியில் இருந்தது. கோயிலுக்குப் பின்னால் போய் இரண்டு இலையிலும் சிவப்பை வைத்துக் கட்டினேன். பாப்பா எதை எடுத்தாலும் சிவப்புதான் வந்திருக்கும்.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் போர்வெல் போடுவதற்கும் பெண் எடுப்பதற்கும் பூக் கேட்போம். மகாலட்சுமியைக் கட்டியதும் அப்படித்தான். வெள்ளை வந்தால் அதற்கு மேல் எங்கள் வீட்டில் பேச்சு கிடையாது. எனக்கு அது தெரியும். கோயம்புத்தூரில் படித்த காலத்திலிருந்து அப்படி ஒரு வண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் நான். முப்பத்தெட்டு வயதில் முதல்முறையாகத் தோட்டம் கைகொடுத்தது. சின்ன எஞ்சினை வாங்கிவிட்டு வாழ்நாள் பூராவும் அந்தப் பெரிய எஞ்சினை நினைத்துக்கொண்டிருப்பேன் என்று தோன்றியது. மகாலட்சுமியிடம் சண்டை போட்டு வாங்கத் தைரியம் இல்லை. சாமி சொன்னால் அவள் ஒத்துக்கொள்வாள். பிள்ளை கையால் வந்தால் முகம் சுளிக்கவும் மாட்டாள். அவ்வளவுதான். ஒரு விளையாட்டுப் போலத்தான் இருந்தது.

பாப்பாவிடம் சொல்லிவிடுங்கள். அவள் கை ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லுங்கள். அப்பன் ஏமாற்றினான் என்றே சொல்லுங்கள். அவள் என்னிடம் வராவிட்டாலும் பரவாயில்லை. நான் நேரில் சொல்ல வேண்டியது, ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் ஆகாது.

ஈஸ்வரபாண்டி


தேனி
17.02.2025

மாப்பிள்ளை,

இந்த வார்த்தையைத் திரும்ப எழுதுகிறேன். உங்களை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை. உங்களைத் திட்டும் தகுதி எனக்கு இல்லை என்று அர்த்தம்.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும் என்பது உங்கள் வீட்டு வழக்கம். அன்று அதை வாய்க்காலில் விட்டுவரச் சொல்லி என் கையில்தான் கொடுத்தீர்கள். நான் பிரித்தேன். சிவப்பு இருந்தது.

வாய்க்கால் கரையில் நின்று சிரித்தேன். "கெட்டிக்கார மாப்ளதான்" என்று தனியாகச் சொல்லிக்கொண்டேன். இலையையும் பூவையும் தண்ணீரில் விட்டேன். வந்து உங்களோடு சேர்ந்து பொங்கச்சோறு சாப்பிட்டேன். என் தங்கச்சி எனக்கு இரண்டாம் தடவை போட்டாள். "என்ன அண்ணே, சாமியே பெரிய எஞ்சின் கேக்குதாம். மெக்கானிக்கு வாயில ஈ போயிருச்சா?" என்று கேலி செய்தாள். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

காரணம் இதுதான். தாளில் சின்ன எஞ்சின் என்று எழுதியவன் நான். ஆனால் கோட்டயம் வண்டியை ஓட்டிப் பார்த்தவனும் நான்தான். வண்டிப்பெரியாரிலிருந்து குமுளி வரை ஓட்டினேன். இரண்டாவது கியரில் அது மேட்டைப் பிடித்து ஏறிய சத்தம் ஒரு வாரம் என் காதில் இருந்தது. சின்னதை வாங்கினால் வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்ற வருவீர்கள். பெரியது என் ஒர்க்‌ஷாப் வாசலில் அடிக்கடி நிற்கும். தேனியில் அப்படி ஒன்று வேறு யாரிடமும் இல்லை. எனக்கும் அது வேண்டியிருந்தது. வேண்டாம் என்று எழுதிக்கொடுத்த தாள் என்னைக் காப்பாற்றும் என்றும் நினைத்திருக்கலாம்.

உங்கள் கடிதத்தை விஜியிடம் கொடுத்தேன். என் கதையையும் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. "ரெண்டு ஆம்பளைகளும் சேந்து ஒரு பச்சப்பிள்ள கையில சாமியக் கட்டிவிட்டீகளே" என்றாள்.

சனிக்கிழமை காலை ஹேமாவதியை உட்காரவைத்துச் சொன்னேன். உங்களுடையதையும் சொன்னேன், என்னுடையதையும் சொன்னேன். குறைக்கவில்லை. எழுந்து ஓடுவாள், அழுவாள் என்று நினைத்தேன். சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி கேட்டாள். முடித்ததும் ஒரே கேள்வி: "அப்ப வெள்ளப் பூ எங்கன போச்சு மாமா?"

எனக்குத் தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டு எழுதச் சொல்கிறேன் என்றேன். சரி என்றாள்.

மத்தியானம் விஜி சோறு போடும்போது ரசமா மோரா என்று பழக்கத்தில் கேட்டுவிட்டாள். "மோர்" என்றாள் பிள்ளை. விஜி அடுப்படிக்குள் போய் அழுதாள். எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. சாயங்காலம் அவளிடம் நேராகக் கேட்டேன்: "அப்பா வீட்டுக்குப் போறியா, மாமா வீட்டுல இருக்கியா? நீ சொல்றதுதான். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

"ரெண்டும் சிவப்புத்தான மாமா" என்றாள்.

பிறகு அவளாகவே சொன்னாள். அவள் வகுப்பில் ஒரு பிள்ளை ஆறாம் வகுப்புக்கு ஆண்டிபட்டிப் பக்கம் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் சேரப்போகிறதாம். தன்னையும் அங்கே சேர்த்துவிடச் சொல்கிறாள். லீவுக்கு என்ன செய்வாய் என்றேன். "அப்பப் பாத்துக்கலாம்" என்றாள். என் தங்கச்சி பேசுவதுபோலவே இருந்தது.

ஜூன் மாதம் சேர்க்கை. விண்ணப்பத்தில் தகப்பன் கையெழுத்து வேண்டும். இதனுடன் வைத்திருக்கிறேன். போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். பூவைப் பற்றிக் கேட்டாளே, அதற்குப் பதில் எழுதுங்கள். தினமும் தபால் வந்ததா என்று கேட்கிறாள்.

கர்ணன்


ஓடைப்பட்டி
22.02.2025

மச்சானுக்கு,

கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். மூன்று இடத்தில் போட வேண்டியிருந்தது. தாயார் பெயர் என்ற இடத்தை நீங்கள் காலியாக விட்டிருந்தீர்கள், அதை நான் நிரப்பினேன். துணிமணி, பெட்டி எல்லாம் என் பொறுப்பு. அவள் மேசையை அது இருந்த இடத்துக்கே நகர்த்திவிட்டேன்.

நீங்கள் பொட்டலத்தைப் பிரித்ததை எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. துணைக்கு ஆள் இருக்கிறது என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கப்பட்டேன்.

வெள்ளைப் பூவுக்குப் பதில் எழுதுகிறேன். பாப்பாவிடம் இதைச் சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களும் விஜி அக்காவும் படித்துப் பாருங்கள்.

அது என் சட்டைப் பையில் இருந்தது. வாய்க்காலில் போட மறந்துவிட்டேன். மறுநாள் மகாலட்சுமி துணி ஊறவைக்கப் பையைத் துழாவியபோது கையில் வந்தது. வாடிக் கசங்கியிருந்தது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இது என்னங்க?"

"சாமி பூ" என்றேன்.

"சாமி வெள்ளையா குடுத்துச்சு?" என்றாள்.

நான் குனிந்து செருப்பை மாட்டினேன். அவளும் திரும்பக் கேட்கவில்லை. உங்களிடமும் சொல்லவில்லை என்று இப்போது தெரிகிறது. பூவைத் தொட்டிக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டுத் துணியை ஊறவைத்தாள்.

பத்து நாள் கழித்து வண்டி வந்தது. எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி முதல் சுற்று போகும்போது முன்கதவைத் திறந்துவிட்டேன். அவள் முன்சீட்டை மடக்கிப் பின்னால் ஏறிப் பாப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்னால் வா என்றேன். "நீங்க ஆசப்பட்டது. நீங்க இருங்க முன்னால" என்றாள். சிரித்த முகமாகத்தான் சொன்னாள். அந்த ஐந்து வாரமும் அவள் ஒரு தடவைகூட என் பக்கத்தில் உட்காரவில்லை.

பாப்பாவுக்குக் குமட்டியது என்று போன மாதம் எழுதினேனே, அது பொய். பாப்பாவுக்கு அன்று ஒன்றும் இல்லை, பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள்.

வைகை அணையில் கிளம்பும்போது மறுபடியும் கூப்பிட்டேன். "இன்னைக்காவது முன்னால வா மகா" என்றேன். அவள் பொரிகடலைப் பையை அந்தச் சீட்டில் வைத்தாள். பெல்ட்டை இழுத்து அதற்கு மாட்டிவிட்டு, சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். அப்புறம் பின்னால் ஏறிக்கொண்டாள்.

ஈஸ்வரபாண்டி